தோட்டத்துக்கு எந்த மழைமானி? கொங்கு வட்டாரத்துக்கு ஏற்ற கருவிகள் பற்றி ஒரு மதிப்பீடு

கோடை மழைக்கு இட்டேரிதான், அதாவது இரு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்தான், எல்லை. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் பண்ணையம் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இட்டேரிக்கு இந்தப் பக்கம் ஏர் பூட்டும் அளவுக்கு ஈரம் இருக்கும், அந்தப் பக்கம் புழுதிகூட அடங்கியிருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்து மழைமானி காட்டிய அளவை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டில் சோளம் விதைக்கலாமா என்று முடிவெடுக்க முடியாது. கைப்பேசிச் செயலியில் வரும் எண்ணோ பெரும்பாலும் யாரும் அளந்ததே இல்லை. செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணக்கையும் வைத்து அந்தப் பகுதிக்கு மொத்தமாகப் போட்ட மதிப்பு அது. சொந்தத் தோட்டத்து மழை தெரிய வேண்டுமானால் சொந்தத் தோட்டத்தில்தான் அளக்க வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 200 சதுர செ.மீ. வாய் உள்ள சாதாரண ஃபைபர் மழைமானியும் அதற்குரிய அளவு ஜாடியும் வாங்குங்கள். மழை எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பதும் தேவைப்படுகிறவர்கள், அதாவது பண்ணைக்குட்டை வெட்டுகிறவர்கள், வரப்பு, தடுப்பணை போடுகிறவர்கள், கூடவே கிண்ணம் சாயும் எண்ணிக்கையை வைத்து மழையைத் தானாகப் பதிவுசெய்யும் ஒரு டிப்பிங் பக்கெட் கருவியும் வைத்துக்கொள்ளலாம். தானியங்கியை மட்டும் நம்பி ஒரு பருவத்தைக் கடத்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மழையை மி.மீ. கணக்கில் சொல்வது பலருக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பதால் ஒரு வார்த்தை. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 40 லிட்டர், ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர். 25 மி.மீ. மழை ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டரைக் கொட்டுகிறது. அது ஓடாமல் நின்று இறங்கினால் செம்மண்ணில் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் நனையும். கரிசல் அதே தண்ணீரை மேலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால் ஆழம் குறையும். ‘ஒரு உழவு மழை’ என்று பெரியவர்கள் சொல்வது இந்த ஈர ஆழத்தைத்தான். மண்ணைத் தோண்டிப் பார்ப்பதை மழைமானி வந்த பிறகும் விட்டுவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் குறித்துவந்தால் உங்கள் காட்டுக்கு எத்தனை மி.மீ. ஒரு உழவு என்பது தெரிந்துபோகும்.

வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி நிறைந்ததா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. மழை பெய்ததா, நன்றாகப் பெய்ததா என்று சொல்ல அது போதும். ஆனால் அதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. குழியின் வாய் அகலம், அடி குறுகல். முதல் 5 மி.மீ. மழைக்குத் தண்ணீர் மளமளவென்று ஏறும், பிறகு அதே 5 மி.மீட்டருக்கு ஏற்றம் குறைந்துகொண்டே போகும். கல்லின் மேல்விளிம்பில் விழுவதும் சரிந்து குழிக்குள்தான் போகிறது. அடியைவிட வாய் அகலமான பெயின்ட் வாளி, எண்ணெய் டப்பா எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். அவற்றில் ஸ்கேலை நட்டுப் படித்தால் கிடைப்பது தவறான எண்.

ஃபைபர் மழைமானி

பழைய சைமன்ஸ் மழைமானியைப் பல அலுவலக வளாகங்களில் பார்த்திருப்பீர்கள். துத்தநாகத் தகடு, 127 மி.மீ. விட்டமுள்ள வாய். அதன் இடத்தை இப்போது கண்ணாடியிழைக் கருவி பிடித்திருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்துவதும் இந்த வகைதான். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கான எண் ஐ.எஸ். 5225. வாய் 100 சதுர செ.மீ., 200 சதுர செ.மீ. என்று இரண்டு அளவில் வரும். வாங்கும்போது இந்த எண் கருவியிலோ பட்டியலிலோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாகங்கள் மூன்றே. மேலே ஆழமான புனல், அதன் வாயில் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) வளையம். கீழே மண்ணுக்குள் பாதி புதையும் அடிப்பாகம். உள்ளே பாலித்தீன் பாட்டில். புனலையும் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பூட்ட வளையம் இருக்கும். துருப்பிடிக்காது, வெயிலில் வெடிக்காது. உடைகிற ஒரே பொருள் கண்ணாடி ஜாடி.

வாயின் உலோக வளையத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் செங்குத்தாகவும் வெளிப்பக்கம் சரிவாகவும் சீவப்பட்டு, முனை கூர்மையாக இருக்க வேண்டும். விளிம்பில் விழும் துளி ஒன்று உள்ளே போக வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். மொத்தையான விளிம்பில் துளி உட்கார்ந்து, சிதறி, எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாமல் ஆகிவிடும். மலிவான பிளாஸ்டிக் மழைமானிகளில் முதலில் தவறிப்போகும் இடம் இதுதான்.

எங்களுக்கு 200 சதுர செ.மீ. வாய் பிடிப்பதற்குக் காரணம் கணக்குதான். அதன் விட்டம் ஏறக்குறைய 160 மி.மீ. செய்நேர்த்திக் குறைவால் விட்டத்தில் 2 மி.மீ. குறைந்தால் பரப்பில் இரண்டரை சதவீதம் போகும். அதே 2 மி.மீ. பிழை 60 மி.மீ. வாயுள்ள சிறு கருவியில் வந்தால் ஆறரை சதவீதத்துக்கு மேல் போய்விடும். தவிர, 200 சதுர செ.மீ. வாயில் ஒரு மி.மீ. மழை என்பது சரியாக 20 மி.லி. ஜாடி உடைந்துவிட்டாலும் கவலையில்லை. ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும் 250 மி.லி. பிளாஸ்டிக் அளவு உருளை போதும். அதில் 2 மி.லி. கோடு ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. மழை. சமையலறை டிஜிட்டல் தராசும் உதவும். தண்ணீரின் எடையைக் கிராமில் பார்த்து 20-ஆல் வகுத்தால் மழை அளவு வந்துவிடும். 430 கிராம் என்றால் 21.5 மி.மீ. மழை. வெற்றுப் பாத்திரத்தின் எடையைக் கழிக்க மட்டும் மறக்கக் கூடாது.

பாட்டிலின் கொள்ளளவை யோசிக்காமல் வாங்குகிறவர்கள் அதிகம். 200 சதுர செ.மீ. வாய்க்கு 4 லிட்டர் பாட்டில் போட்டால் 200 மி.மீ. மழை வரை பிடிக்கும். ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் சமவெளிக்கு இது தாராளம். வால்பாறைக்கு இது போதாது. மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு இருக்கிற மலை அது. அங்கே ஒரே நாளில் 200-ஐத் தாண்டுவது ஆச்சரியமில்லை. 10 லிட்டர் பாட்டில் போட்டால் 500 மி.மீ. தாங்கும். பாட்டில் நிறைந்து வழிந்தாலும் தண்ணீர் அடிப்பாகத்தில் தேங்கும், வெளியே போகாது. இரண்டையும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். அடிப்பாகத்தில் விரிசல் இல்லை என்பதை வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்தக் கருவியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாடி மாறிப்போவது. 100 சதுர செ.மீ. புனலுக்கு ஒரு மி.மீ. என்பது 10 மி.லி., 200-க்கு 20 மி.லி. ஜாடிகள் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 200 புனலில் சேர்ந்த தண்ணீரை 100-க்கான ஜாடியில் அளந்தால் 30 மி.மீ. மழை 60 என்று படிக்கும். மாற்றி அளந்தால் பாதியாகக் குறையும். சைமன்ஸ் கருவியின் ஜாடி கையில் இருந்தால் இன்னும் குழப்பம். அதில் ஒரு மி.மீ. என்பது 12.7 மி.லி. அருகிலுள்ள நிலையங்களோடு ஒப்பிடும்போது உங்கள் அளவு எப்போதுமே இரண்டு மடங்காகவோ பாதியாகவோ இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம், ஜாடியைப் பாருங்கள். ஜாடியில் எந்தப் பரப்புக்கு என்று அச்சிடப்பட்டிருக்கும். அச்சு இல்லாவிட்டால் 200 கிராம் தண்ணீரை எடைபோட்டு ஊற்றுங்கள். 200 சதுர செ.மீ. ஜாடி 10 மி.மீ. காட்ட வேண்டும்.

எங்கே நிறுத்துவது

கருவியின் தரத்தால் வரும் பிழையைவிட இடத்தால் வரும் பிழை பெரிது. விதி எளிது. பக்கத்தில் இருக்கும் மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். 4 மீட்டர் உயரச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) 8 மீட்டர். 15 மீட்டர் தென்னைக்கு 30 மீட்டர். பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் இப்படி ஒரு இடம் கிடைப்பது கடினம் என்பது தெரியும். அங்கே பலர் தேங்காய்க் களத்தில் வைத்துவிடுகிறார்கள். திறந்த இடம்தான், ஆனால் சிமென்ட் தளத்தில் மோதும் பெரிய துளிகள் தெறித்துப் புனலுக்குள் விழும். களத்தை ஒட்டிய புல்தரை, புதிதாகக் கன்று நட்ட பாத்தி, வாய்க்கால் ஓரத் தரிசு என்று எதையாவது தேடுங்கள். தோப்புக்குள் நல்ல இடமே இல்லையென்றால் பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசி அவர் நிலத்தில் வைத்து, அளவை இருவரும் பகிர்ந்துகொள்வதுகூட மேல்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். கருவியின் மேல் காற்று ஏறித் தாண்டும்போது சிறு துளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கொங்கு வட்டாரத்தில் இதன் விளைவு மற்ற இடங்களைவிட அதிகம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காலத்தில் வருவதும் கனமான மழையல்ல, சாரல். கனத்த துளி நேராக விழும், சாரலோ பக்கவாட்டில் பறக்கும். மாடியில் வைத்த கருவி ஆடிச் சாரலைப் பெருமளவு தவறவிட்டு, ஐப்பசி மழையை ஓரளவு சரியாகக் காட்டும். அதைப் பார்த்து ‘தென்மேற்கு இந்த வருஷம் பொய்த்துவிட்டது’ என்று முடிவுகட்டுவது கருவியின் குற்றத்தை வானத்தின் மேல் போடுவது.

ஆகவே வாய் தரைக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில்தான் இருக்க வேண்டும். நிறுவும் முறை: 60 செ.மீ. நீளம், 60 அகலம், 60 ஆழத்தில் குழி வெட்டுங்கள். கான்கிரீட்டைப் போடும்போதே அடிப்பாகத்தை அதில் இறக்கி, புனலை மேலே வைத்து, தரையிலிருந்து வாய் வரை டேப்பால் அளந்து 30 செ.மீ. வருமாறு ஏற்றி இறக்குங்கள். வாயின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து அதன் மேல் ரசமட்டம். கட்டையைத் திருப்பி இன்னொரு திசையிலும் பாருங்கள். கான்கிரீட் இறுகிய மறுநாளும் ஒரு முறை பார்ப்பது நல்லது, ஈரத்தில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். சுற்றிலும் புல் இருக்கட்டும், ஆனால் குட்டையாக. மழைக்காலத்தில் கோரையும் பார்த்தீனியமும் ஒரே மாதத்தில் வாயைத் தாண்டி வளர்ந்துவிடும்.

வேலி கட்டாயம். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (மேய்ச்சல் காடுகளில்) மாடு முதுகு சொறிய ஒரு கல் கிடைத்தது என்று மழைமானியைச் சாய்த்துவிடும். கிளுவை வேலியை நெருக்கமாக நட்டால் அதுவே வளர்ந்து மழையை மறைக்கும். இடைவெளிவிட்ட கம்பிவேலி, கருவியிலிருந்து இரண்டரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மயிலுக்கு வேலி ஒரு தடையே இல்லை. தோட்டத்தில் மயில் நடமாட்டம் இருந்தால் மழைமானியைவிட உயரமான ஒரு மரக்கட்டையைச் சில மீட்டர் தள்ளி நட்டுவையுங்கள். உட்கார உயரமான இடத்தைத்தான் மயில் தேர்ந்தெடுக்கும். வாயின் மேல் முள்ளோ வலையோ கட்டுவது தவறு, அதில் தங்கும் தண்ணீர் அளவில் சேராது.

தெளிப்புநீர்ப் பாசனம் உள்ளவர்கள் தெளிப்பான் எட்டும் தூரத்துக்கு வெளியே வையுங்கள். காற்றில் அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஆடியில் பார்த்து முடிவுசெய்யுங்கள், தையில் பார்த்து அல்ல. இடத்தைத் தேர்ந்தபின் மாற்றாதீர்கள். பழைய கணக்கோடு புதியதை ஒப்பிட முடியாமல் போகும்.

டிப்பிங் பக்கெட்

புனலில் விழும் தண்ணீர் தராசுபோல் சாயும் இரண்டு சிறு கிண்ணங்களில் மாறி மாறி விழும். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் அருகில் வந்தால் இயங்கும் சிறு சுவிட்சை) கடந்து ஒரு எண்ணிக்கை பதிவாகும். சாய்வு ஒன்றுக்கு 0.2 மி.மீ. என்பது நல்ல கருவிகளில் வழக்கம். 0.25, 0.5 மி.மீ. என்றும் உண்டு. டேவிஸ் வான்டேஜ் ப்ரோ-2 கருவியின் வாய் 214 சதுர செ.மீ. அதை வைத்துத் தாராளமாகப் பண்ணை முடிவுகள் எடுக்கலாம். இணையச் சந்தையில் மலிவாக வரும் வீட்டு வானிலைக் கருவிகளில் பலவற்றின் வாய் உள்ளங்கை அளவே இருக்கும். சாய்வுக்கு 0.2794 மி.மீ. என்று நான்கு தசமம் அச்சிட்டிருக்கும் சிறு செவ்வகக் கருவியில் வாய் 55 சதுர செ.மீ. ஒரு சாய்வுக்குத் தேவை ஒன்றரை மி.லி. தண்ணீர்தான். அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் செம்மண் புழுதி ஒட்டினாலே கணக்கு மாறும். நான்கு தசமத்தைப் பார்த்துத் துல்லியம் என்று எண்ண வேண்டாம்.

இந்தக் கருவி எதற்கு? 40 மி.மீ. மழை அரை மணி நேரத்தில் கொட்டியதா, ராத்திரி முழுக்கப் பெய்ததா என்று பாட்டில் சொல்லாது. முதலாவது வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும், இரண்டாவது முழுக்க மண்ணுக்குள் போகும். பண்ணைக்குட்டைக்கு வரத்து எவ்வளவு, வழிந்தோடி எவ்வளவு அகலம் வேண்டும் என்பதெல்லாம் இந்த வேகத்தைப் பொறுத்தவை. வேகத்தைப் பதிவுசெய்ய முன்பு சைஃபன் வகைக் கருவி இருந்தது. உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனா ஏறிக்கொண்டே போய் 10 மி.மீ. ஆனதும் சைஃபன் குழாய் சேர்ந்த தண்ணீரை இழுத்து வெளியேற்ற, பேனா பூஜ்யத்துக்கு விழும். அழகான கருவி, ஆனால் தினமும் காகிதம் மாற்ற ஒரு ஆள் வேண்டும். தோட்டத்துக்கு அது ஒத்துவராது.

டிப்பிங் பக்கெட்டின் உள்ளார்ந்த குறை கனமழையில் தெரியும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் 0.2 மி.மீ. கிண்ணம் 7.2 வினாடிக்கு ஒரு முறை சாய வேண்டும். சாய்ந்துகொண்டிருக்கும் அரை வினாடியில் ஒரு பகுதி நேரம், ஏற்கெனவே நிறைந்த கிண்ணத்திலேயே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், அது கணக்கில் வராது. மழை வேகம் கூடக் கூட இழப்பும் கூடும். சித்திரை, வைகாசி இடிமழையில் தானியங்கி சில சதவீதம் குறைவாகக் காட்டுவது இதனால்தான். பக்கத்தில் ஃபைபர் மழைமானி இருந்தால் அதன் மொத்தத்தை உண்மையாக எடுத்துக்கொண்டு தானியங்கியின் மணிவாரிக் கணக்கை அதே விகிதத்தில் உயர்த்திக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து வாங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பழுதுகள் பெரும்பாலும் உயிரினங்களால் வருகின்றன. குளவி புனலின் சிறு துளையை மண்ணால் அடைத்துவிடும். சிலந்தி இரண்டு கிண்ணத்தையும் நூலால் கட்டிப்போட்டால் மழை முழுக்கப் பெய்தும் எண்ணிக்கை பூஜ்யம். எறும்பு கிண்ணத்துக்கு அடியில் கூடு வைத்தால் சாய்வு பாதியில் நின்றுபோகும். சித்திரையில் வேப்பம்பூ, தோப்பில் ஆண்டு முழுக்கத் தென்னம்பூ. புனல் பாதி அடைபட்டால் இன்னும் மோசம். மழை நின்ற பிறகும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பதிவில் அரை மணி மழை மூன்று மணி நேரத் தூறலாக மாறிவிடும். வரைபடத்தில் உச்சியே இல்லாமல் நீளமாக வால்போல இழுத்துக்கொண்டு போனால் புனலைத் திறந்து பாருங்கள். கம்பியை அணிலும் எலியும் கடிக்கும், பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதைக்கலாம். மாதம் ஒரு முறை திறந்து மெல்லிய தூரிகையால் துடைப்பது போதும். துடைக்கும் முன் இணைப்பைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை பட்ட சாய்வுகளெல்லாம் மழையாகப் பதிவாகும்.

வருஷத்துக்கு ஒரு முறை, பங்குனி வாக்கில், சரிபார்க்கும் முறை: அரை லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசித்துளை போட்டு, சரியாக 500 கிராம் தண்ணீர் நிரப்பி, அடியில் காற்றுக்கு ஒரு துளையும் இட்டுப் புனலின் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். இறங்க ஒரு மணி நேரம் ஆக வேண்டும். வேகமாக இறங்கினால் துளையைச் சிறிதாக்குங்கள். 200 சதுர செ.மீ. வாய்க்கு இது 25 மி.மீ. மழை. 0.2 மி.மீ. கருவியில் 125 சாய்வு வர வேண்டும். 122 முதல் 128 வரை வந்தால் அப்படியே விடுங்கள். 118, 119 என்று வந்தால் கிண்ணங்களுக்கு அடியிலுள்ள இரண்டு திருகுகளையும் ஒரே அளவில் சற்று உயர்த்துங்கள். கிண்ணம் குறைந்த தண்ணீரிலேயே சாயும், எண்ணிக்கை கூடும். ஒரு திருகை மட்டும் திருகினால் ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் தாமதமாகவும் சாய்ந்து தொல்லை தரும்.

வயர்லெஸ் மாடல்களில் பெட்டியில் எழுதியிருக்கும் நூறு மீட்டர் வீச்சு வெட்டவெளிக்கானது. நடுவே தென்னை வரிசையும் செங்கல் சுவரும் வந்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. வைஃபை மாடல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். ரவுட்டரில் 5 மட்டும் திறந்திருந்தால் கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மற்றவை

ஆப்பு வடிவ பிளாஸ்டிக் மழைமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடி குறுகலாக இருப்பதால் தூறலைப் படிக்க வசதி. வாய் சிறிது, வெயிலில் ஓரிரு வருஷத்தில் மஞ்சளித்து விரிசல் விடும், கோடுகளும் அழியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

நான்கு அங்குல இரட்டைக் குழாய் வகை வேறு தரம். உள்குழாயின் குறுக்குப் பரப்பு வாயில் பத்தில் ஒன்று என்பதால் 1 மி.மீ. மழை 10 மி.மீ. உயரமாகத் தெரியும். உள்குழாய் 25 மி.மீ. வரை பிடிக்கும், அதற்கு மேல் வெளிக்குழாயில் வழிந்து சேரும். அமெரிக்காவில் 1998-இல் கொலராடோவில் தொடங்கிய தன்னார்வலர் மழை அளவு வலையமைப்பான கோகோராஸ் இதையே பயன்படுத்துகிறது. நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், ஃபைபருக்கு அடுத்த இடம் எங்கள் மதிப்பில் இதற்குத்தான்.

நகரும் பாகம் இல்லாமல், துளி மோதும் அதிர்வை வைத்து மழையைக் கணக்கிடும் புதிய வகைகளும் வந்துவிட்டன. சிலந்தி, புழுதித் தொல்லை கிடையாது. ஆனால் மெல்லிய சாரலைத் தவறவிடும், நிறுத்திய கம்பம் காற்றில் அதிர்ந்தால் இல்லாத மழையைச் சொல்லும். ஆடிக் காற்றடிக்கும் நமக்கு இந்த இரண்டு குறையும் ஒரே மாதத்தில் வந்து சேரும். மழை தொடங்கியதை உடனே தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்தலாம்.

செலவே செய்யாமல் அளக்க விரும்பினால் 4 அங்குல பிவிசி குழாயை ஒன்றரை அடி வெட்டி அடியில் மூடி ஒட்டுங்கள். மேல்வாயை வெளிப்பக்கமாக அரத்தால் சீவிக் கூர்மையாக்குங்கள். உள்விட்டத்தைச் செ.மீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு. 10.5 செ.மீ. என்றால் 86.5 சதுர செ.மீ., அதாவது 1 மி.மீட்டருக்கு 8.65 கிராம் தண்ணீர். 346 கிராம் இருந்தால் 40 மி.மீ. மழை. புனல் இல்லாததால் வெயில் ஏறினால் ஆவியாகும். காலையிலேயே எடைபோட்டுவிட வேண்டும். அதைச் செய்தால் பல கடைக் கருவிகளைவிட இது உண்மை பேசும்.

படிப்பதும் குறிப்பதும்

நேரம் காலை 8.30. நாடு முழுக்க அரசு நிலையங்கள் படிக்கும் நேரம் அது. 14-ஆம் தேதி சாயங்காலம் பெய்த மழை 15-ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். வீட்டுத் தானியங்கிகள் நள்ளிரவு 12-க்குப் பூஜ்யமாவதால் அவற்றின் ‘இன்றைய மழை’யும் செய்தியில் வரும் மழையும் ஒத்துப்போகாது. அமைப்பில் நேரத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் மணிவாரிப் பதிவை இறக்கி 8.30 முதல் 8.30 வரை கூட்டிக்கொள்ளுங்கள். செய்தியில் வருவது செ.மீ. என்பதையும் கவனியுங்கள், அங்கே 3 என்றால் உங்கள் ஜாடியில் 30.

ஜாடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, வளைந்திருக்கும் பரப்பின் அடியைப் படியுங்கள். ஓரத்தில் ஏறியிருப்பதைப் படித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். மழை இல்லாத நாளுக்கு 0 எழுதுங்கள், படிக்காத நாளுக்குக் கோடு போடுங்கள். இரண்டையும் வெறுமையாக விட்டால் வருஷ முடிவில் எது எது என்று தெரியாது. ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து அளந்தால் ‘மூன்று நாள் சேர்ந்து’ என்று குறியுங்கள், மூன்றாக வகுக்காதீர்கள். மார்கழி, தைப் பனியில் புனலில் வழிந்து சேரும் ஓரிரு துளியை மழையாக எழுத வேண்டியதில்லை. வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மி.மீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள். 64.5 தொட்டால் கனமழை.

வாங்கப் போகும்போது ஒரு டேப்பும், சரியாக 200 கிராம் எடைபோட்ட தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போங்கள். வாயை இரண்டு திசையில் அளந்து வட்டம் சரியா என்று பாருங்கள். தண்ணீரைப் புனலில் ஊற்றிப் பாட்டிலில் சேர்ந்ததை ஜாடியில் அளந்தால் 10 மி.மீட்டருக்கு மிக அருகில் வர வேண்டும், புனல் சுவரில் ஒட்டிய ஈரத்துக்காக 0.1, 0.2 குறையலாம். 9.5-க்குக் கீழே வந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஜாடி வேறு. ஜாடி இரண்டாக வாங்குங்கள். ‘கருவியை இப்போது எடுத்துப் போங்கள், ஜாடி பிறகு வரும்’ என்று கடையில் சொன்னால், ஜாடி வந்து இந்தச் சோதனை முடியும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.